தசைக்கு வேலை கொடுங்கள்: சுகர் புதிதாக வந்தவர்களுக்கான உடற்பயிற்சி வழிகாட்டி

சுகர் இருக்கிறது என்று உறுதியானதும் டாக்டர் மாத்திரை எழுதுவார், சோற்றைக் குறைக்கச் சொல்வார், கடைசியில் "தினமும் நடங்க" என்பார். எவ்வளவு நேரம், சாப்பிடும் முன்பா பின்பா, நடை மட்டும் போதுமா, எடை தூக்கலாமா என்றெல்லாம் கேட்பதற்குள் அடுத்த டோக்கன்காரர் உள்ளே வந்துவிடுவார். அந்தக் கேள்விகளுக்காக எழுதியது இது. டைப் 2 நீரிழிவு புதிதாக வந்தவர்களுக்கும் "பார்டர்ல இருக்கு" என்று சொல்லப்பட்டவர்களுக்கும் பொருந்தும். டைப் 1 உள்ளவர்கள் ஒவ்வொரு பயிற்சிக்கும் இன்சுலின் அளவைத் தனியாகத் திட்டமிட வேண்டும் என்பதால் அவர்களுக்கு இது போதாது. கர்ப்பகாலச் சர்க்கரைக்கும் கணக்கு வேறு.

சாப்பிட்ட சர்க்கரை எங்கே போகிறது

செய்முறைக்குப் போகும் முன் தசையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் பின்னால் சொல்லப்போகும் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாகவே விளங்கும்.

ஆரோக்கியமான ஒருவரின் மொத்த ரத்தத்திலும் வெறும் வயிற்றில் இருக்கும் குளுக்கோஸ் ஏறக்குறைய 4 அல்லது 5 கிராம்தான். ஒரு டீஸ்பூன் அளவு. ஒரு தட்டு சோறு சாப்பிட்டால் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் உள்ளே வருகிறது. அது ரத்தத்தை விட்டு எங்கேயாவது போயாக வேண்டும். மூளை ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், கல்லீரல் ஒரு பங்கைச் சேமிக்கும். இன்சுலினின் கட்டளைப்படி குளுக்கோஸை உறிஞ்சும் திசுக்களில் எல்லாவற்றையும்விடப் பெரியது எலும்புத் தசை. நம் உடல் எடையில் சுமார் 40 சதவீதம் அதுதான். இன்சுலினையும் குளுக்கோஸையும் ரத்தக் குழாயில் நேரடியாகச் செலுத்தி அளக்கும் ஒரு முறை உண்டு. ரால்ப் டிஃப்ரான்சோவும் அவருடைய குழுவினரும் 1981இல் வெளியிட்ட அத்தகைய ஆய்வில், உறிஞ்சப்பட்ட குளுக்கோஸில் பெரும்பகுதி தசைக்கே போனது. 80 சதவீதம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் கணக்கு இத்தகைய ஆய்வுகளிலிருந்து வந்ததுதான்.

உள்ளே போன குளுக்கோஸைத் தசை கிளைகோஜன் என்ற சேமிப்பு வடிவில் கட்டி வைக்கிறது. தசைகள் எல்லாவற்றிலும் சேர்த்து 400, 500 கிராம் வரை இருக்கும். கல்லீரலில் இருப்பது 100 கிராம் அளவுதான். கல்லீரல் தன் கிளைகோஜனை உடைத்துக் குளுக்கோஸாக ரத்தத்தில் விட முடியும். தசையால் அது முடியாது, அதற்குரிய என்சைம் தசையில் இல்லை. ஆகவே தசைக்குள் போனதை அந்தத் தசையே வேலை செய்து தீர்த்தாக வேண்டும். நிரம்பிய குதிரில் நெல் கொட்டினால் வெளியேதான் சிந்தும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் தொடைத் தசை கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருக்கிறது.

அடுத்தது இன்சுலின் எதிர்ப்பு. தசைச் செல்லுக்குள் குளுட்-4 என்ற புரதம் உண்டு. இன்சுலின் வந்து சமிக்ஞை கொடுத்ததும் அது செல்லின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே கடத்தும். டைப் 2 நீரிழிவில் இந்தச் சமிக்ஞை சரியாகப் போய்ச் சேருவதில்லை. தசைச் செல்லுக்குள் தேங்கும் கொழுப்பின் சில வடிவங்கள் அதைத் தடுக்கின்றன என்பதை ஏல் பல்கலைக்கழகத்தின் ஜெரால்ட் ஷுல்மன் உள்ளிட்டோர் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். புரதம் இருக்கிறது, இன்சுலினும் இருக்கிறது, ஆனால் சொன்னது கேட்கவில்லை.

ஆனால் தசை சுருங்கும்போது, இன்சுலின் இல்லாமலேயே குளுட்-4 மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. சுருங்கும் தசையில் வெளிப்படும் கால்சியமும், ஆற்றல் குறைவதை உணரும் ஏஎம்பிகே என்ற என்சைமும் அதைக் கிளப்பிவிடுகின்றன. நீரிழிவு உள்ளவர்களிடமும் இந்த இரண்டாவது வழி பெரும்பாலும் பழுதாவதில்லை. "சுகருக்கு நடங்க" என்ற அறிவுரைக்கு அடியில் இருப்பது இதுதான். கலோரி எரிவது அப்புறம்.

ஒரு சைக்கிள், இரண்டு டாக்டர்கள்

1966இல் ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் தங்கள் மேலேயே ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். ஒரே பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும், சோர்ந்து போகும் வரை மிதித்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த சாப்பாடு. இடையிடையே ஊசியால் தொடைத் தசையிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் தீர்ந்துபோன கிளைகோஜன் மறுபடி ஏறி, சும்மா இருந்த காலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு வந்திருந்தது. சும்மா இருந்த காலில் மாற்றமே இல்லை. ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு, ஒரே இன்சுலின். பின்னாளில் கோபன்ஹேகனில் எரிக் ரிக்டர் குழுவினர் ஒற்றைக் கால் பயிற்சி கொடுத்து அளந்தபோது, இன்சுலினுக்குக் கீழ்ப்படிவதும் வேலை செய்த காலில்தான் கூடியிருந்தது.

இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. வேலை செய்த தசைக்குத்தான் பலன். அந்தப் பலன் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு மூன்று நாள்வரைதான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் ஷட்டில் ஆடுகிறவர்கள் இரண்டாவது விதியைக் கவனிக்கவும்.

தொடங்கும் முன்: மாத்திரைச் சீட்டைப் பாருங்கள்

வேறு எதற்கும் முன்னால் உங்கள் மருந்துகளின் பெயரைப் படியுங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்றவையோ இன்சுலின் ஊசியோ இருந்தால், உடற்பயிற்சியின்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்க வாய்ப்பு உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் மிகக் குறைவு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக்குபவை. சித்திரை வெயிலில் நடப்பவர்கள் தண்ணீர் குடிக்காமல் போகக் கூடாது. பிரஷருக்காகவோ இதயத்துக்காகவோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சுகர் இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியும்.

டாக்டரிடம் கட்டாயம் கேட்க வேண்டியவை சில. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், வழக்கத்துக்கு மீறிய மூச்சுவாங்கல் உண்டா? அப்படியானால் இதயப் பரிசோதனை முடியும் வரை காத்திருங்கள். கண்ணின் விழித்திரையில் பாதிப்பு இருக்கிறதா? முற்றிய பாதிப்பு இருந்தால் மூச்சை அடக்கி எடை தூக்குவதும் குதிப்பதும் கூடாது. பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருக்கிறதா? இருந்தால் வெறுங்காலோடு கூழாங்கல் பாதையில் எட்டு போட்டு நடக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். கல் குத்தியது தெரியாது, புண் ஆன பிறகுதான் தெரியும். மதியம் கோயில் பிராகாரத்தைச் சுற்றுவதும் அப்படித்தான். பொருத்தமான ஷூ, பருத்திச் சாக்ஸ், வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாதத்தையும் அடியில் பார்ப்பது ஆகியவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம்: சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம்

இதுவரை எதுவுமே செய்யாதவர் காலை ஐந்து மணி அலாரத்தில் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி. அந்த அலாரம் பத்து நாளைக்கு மேல் தாங்குவதைப் பார்ப்பது அபூர்வம். சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடப்பது சுலபம், சர்க்கரை ஏறும் நேரமும் அதுதான்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் டைப் 2 நீரிழிவு உள்ள 41 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. தினமும் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதையும், மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டார்கள். மொத்த நேரம் ஒன்றுதான். ஆனால் சாப்பிட்ட பின் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வித்தியாசம் 22 சதவீதம். நம் வீடுகளில் இரவில் கனமாகச் சாப்பிட்டுவிட்டு அப்படியே டிவி முன்னால் உட்காருவதை நினைத்தால், மூன்று வேளையில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் இரவையே தேர்ந்தெடுங்கள் என்பேன்.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். மொட்டை மாடி, தெரு, அபார்ட்மெண்ட் வராந்தா, எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே சுற்றினாலும் தசைக்கு வித்தியாசம் தெரியாது. 10,000 அடி என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு கவலைப்பட வேண்டாம். அது 1965இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண், மருத்துவ அளவு இல்லை.

அலுவலகத்தில் உட்கார்ந்தே வேலை என்றால் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடங்கள். போன் வந்தால் நடந்துகொண்டே பேசுங்கள்.

மீட்டரை வைத்து நீங்களே பாருங்கள்

குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஒரு நாள் மூன்று இட்லி, வழக்கமான சட்னி, பிறகு உட்கார்ந்திருங்கள். சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மறுநாள் அதே மூன்று இட்லி, அதே சட்னி, ஆனால் சாப்பிட்டுப் பதினைந்து நிமிடம் நடை. அதே நேரத்தில் பாருங்கள். இரண்டு நாளும் சாப்பிடும் முன்னாலும் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. ஒரு நாள் வித்தியாசம் குறைவாகத் தெரிந்தால் விட்டுவிடாமல் இன்னும் ஓரிரு முறை செய்யுங்கள். தூக்கம், கவலை, மீட்டரின் பிழை எல்லாமே அந்த எண்ணில் கலந்திருக்கும்.

புதியவர்களைக் குழப்பும் இன்னொரு விஷயம். காலையில் வெறும் வயிற்றில் வேகமாக ஓடிவிட்டு மீட்டரில் பார்த்தால் சில நேரம் சர்க்கரை ஏறியிருக்கும். கடுமையான உழைப்பின்போது அட்ரினலின் சுரந்து, கல்லீரல் தன் கையிருப்பை ரத்தத்தில் விடுவதால் வருவது அது. தசை எடுத்துக்கொள்வதைவிடக் கல்லீரல் வேகமாகக் கொடுத்துவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். பயிற்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து: தோப்புக்கரணம்

நடையில் வேலை செய்வது பெரும்பாலும் காலின் மெதுவகைத் தசை நார்கள். அவை கொழுப்பையும் ஆக்சிஜனையும் வைத்து நீண்ட நேரம் ஓடக்கூடியவை. வேகவகை நார்கள் கிளைகோஜனை நம்பி இருப்பவை, பாரம் வந்தால்தான் எழுந்து வரும். வேலை செய்த தசைக்குத்தான் பலன் என்ற விதியை இங்கே வைத்துப் பாருங்கள். நடை மட்டும் செய்பவரின் தசையில் ஒரு பெரும்பகுதி விடுமுறையிலேயே இருக்கிறது. முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது என்பது பொதுவான கணக்கு. குளுக்கோஸ் போய்ச் சேரும் இடமே சுருங்குகிறது என்று பொருள்.

இந்தியர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2004இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. பிரிட்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் புனே மருத்துவர் சி.எஸ். யாக்னிக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். "நான் ஒல்லிதானே, எனக்கு எப்படிச் சுகர்?" என்று கேட்பவர்களிடம் நான் இந்தப் படத்தைத்தான் சொல்வது. தராசு மொத்த எடையை மட்டுமே காட்டும். தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. இடுப்புச் சுற்றளவை டேப்பால் அளப்பது மேல். இந்திய அளவுகோலில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும்.

ஜிம் கட்டாயமில்லை. பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருப்பதால் அங்கே தொடங்குங்கள்.

முதல் வாரங்களில் நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருப்பது. பத்து முறை செய்து, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி பத்து. முட்டி வலி உள்ளவர்கள் உயரமான நாற்காலியில் தொடங்கலாம். அது சுலபமானதும் தோப்புக்கரணம். காதைப் பிடித்தால் மூளை வளரும் என்ற பேச்சையெல்லாம் விட்டுவிடுங்கள், உட்கார்ந்து எழுவதுதான் நமக்கு வேண்டியது. கையில் ஒரு பையில் இரண்டு கிலோ அரிசி வைத்துக்கொண்டு செய்தால் அடுத்த கட்டம்.

மேல் உடம்புக்குச் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, பழகியதும் மேசை விளிம்பில், பிறகு தரையில் தண்டால். முதுகுக்கு ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுப்பது. கெண்டைக்காலுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு அல்லது மூன்று சுற்று. வாரத்தில் இரண்டு நாள் போதும், மூன்று நாள் என்றால் நல்லது, நடுவில் ஒரு நாள் இடைவெளி. எழும்போதும் தள்ளும்போதும் மூச்சை வெளியே விடுங்கள், அடக்காதீர்கள்.

ஒரு சுற்றின் கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். பன்னிரண்டும் சுலபமாக வந்தால் பாரத்தைக் கூட்டுங்கள். "வீட்டு வேலையே எனக்கு எக்சர்சைஸ்" என்பதில் எனக்கு இருக்கும் தயக்கமும் இதுதான். பெருக்குவதும் துணி பிழிவதும் உழைப்புதான், கணக்கில் வரும். ஆனால் குடம் இருபது வருடமாக அதே குடம். பாரம் கூடாமல் தசை கூடாது.

நடை, எடை இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால் இரண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளில், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி நன்றாக இறங்கியது.

வாரக் கணக்கு

வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான நடை அல்லது சைக்கிள், இரண்டு மூன்று நாள் தசைப் பயிற்சி, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது. அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பரிந்துரையும் இதுவே. கல்யாணம், ஊர்ப் பயணம் என்று ஒரு நாள் தவறினால் பரவாயில்லை, மூன்றாவது நாளைத் தவறவிடாதீர்கள்.

சுகர் இறங்கினால்

இன்சுலினோ கிளிமிபிரைடு வகையோ எடுப்பவர்கள் பயிற்சிக்கு முன் மீட்டரில் பாருங்கள். 90க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். 250க்கு மேல் இருந்து, வாந்தி, அதிக தாகம், சோர்வு போன்றவையும் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நடக்கும்போது வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் உடனே உட்காருங்கள். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறாவிட்டால் மறுபடி அதே அளவு. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சீனியும் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஏனென்றால் சீனி உடைவதையே அந்த மாத்திரைகள் தடுக்கின்றன. அவர்கள் பையில் குளுக்கோஸ் பவுடரே இருக்க வேண்டும். மாலையில் அதிகம் உழைத்த நாளில் இன்சுலின் எடுப்பவர்களுக்கு நள்ளிரவிலும் இறங்கலாம் என்பதால் படுக்கும் முன் ஒருமுறை பார்ப்பது நல்லது.

தட்டில் என்ன

காலை நடை முடித்து டீக்கடையில் போண்டாவும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிடும் பழக்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. புரதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சொல்லும் நாள் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். சாம்பார் ஊற்றிய சோற்றில் அது வந்துவிடாது. முட்டை ஒன்றில் 6 கிராம். அவித்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8, 9 கிராம். சுண்டல், பயறு, தயிர், மீன், முட்டை என்று ஒவ்வொரு வேளையிலும் ஒன்றாவது இருக்கட்டும். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவே அளவு, பவுடர் டப்பா வாங்க வேண்டாம்.

மருந்தும் பயிற்சியும்

"பார்டர்"காரர்களுக்கு ஒரு சென்னைச் செய்தி. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. மூன்றாண்டுகளில் நடை, உணவு மாற்றம் மட்டும் செய்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்ததில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

நீரிழிவு வந்துவிட்டவர்கள் இந்த எண்ணைப் பார்த்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. பயிற்சி சீராக நடக்கத் தொடங்கியதும் சிலருக்கு அளவைக் குறைக்க வேண்டி வரும், அதுவும் முதலில் கிளிமிபிரைடு வகையையும் இன்சுலினையும். அதை டாக்டர் முடிவு செய்ய மீட்டர் எண்களைத் தேதியோடும், அன்று நடந்தீர்களா என்ற குறிப்போடும் நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். ஹெச்பிஏ1சியை மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் பழைய கணக்கும் கலந்தே வரும்.

இப்போது பலர் பசியைக் குறைக்கும் செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசிகளுக்கு மாறுகிறார்கள். எடை நன்றாகவே குறைகிறது. ஆனால் குறையும் எடையில் கால் பங்கு முதல் 40 சதவீதம் வரை கொழுப்பல்லாத திசுவாக இருக்கலாம், அதில் தசையும் உண்டு. பசியே இல்லாததால் புரதமும் குறைந்துவிடும். இந்த ஊசியைத் தொடங்குபவர்கள் அதே வாரத்தில் தசைப் பயிற்சியையும் தொடங்குங்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் அரை நிமிடத்தில் எத்தனை முறை எழ முடிகிறது என்று மாதம் ஒருமுறை எண்ணிக் குறித்து வையுங்கள். எடை இறங்கும்போது அந்த எண்ணிக்கையும் இறங்கினால், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் அதையும் காட்டுங்கள்.